முயல் காது வைத்த அம்மா

துபாய் அல் கூஸில் யூலானின் சமையல்கூடம் எங்கே என்று யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. விடிகிற நேரத்தில் எந்தக் கதவிலிருந்து ஆவி கிளம்புகிறதோ அதுதான். ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் கீழக்கரை செய்கு அலாவுதீனின் மளிகைக் குடோன், நடுவில் அவள். உள்ளே மூங்கில் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். தட்டுக்குத் தட்டு கோழிக்கறி வைத்து அவித்த பாவ், வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை நிறைகிற அளவில். லேபர் கேம்ப்பில் இருக்கிற நம் ஆட்கள் அதற்குச் சீனக் கொழுக்கட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். யூலான் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அந்தப் பேரையே தமிழில் எழுதி வாங்கி வாசலில் மாட்டிவிட்டாள். வியாபாரிக்கு ரோஷம் எதற்கு?

அவள் சீனாவில் ஃபூச்சிங் பக்கத்துக் கடலோரக்காரி. அந்த ஜனத்துக்கும் கீழக்கரைக்காரர்களுக்கும் பத்துப் பொருத்தமும் உண்டு. சொந்த ஊரில் அரண்மனை மாதிரி வீடு கட்டுவார்கள். அதைப் பூட்டிவிட்டு வந்து வெளிநாட்டில் ஒற்றை ரூமில் படுத்துக்கொள்வார்கள். யூலானின் கணவன் குவாங் துபாய்க்குக் கான்கிரீட் பலகை அடிக்கிற ஷட்டரிங் தச்சனாக வந்தவன். அவள் பின்னாலேயே வந்து, அவன் கம்பெனி ஆட்களுக்கு ரூமிலேயே பாவ் அவித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கைருசி பரவியது. லைசென்ஸ் எடுத்து, இந்தக் கூடத்தைப் பிடித்து, அடுப்பும் வைத்தாகிவிட்டது. பார்த்தால் கம்பெனி வேலை முடிந்து சீனத்து ஆட்கள் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தட்டு நிறையப் பாவ் இருக்கிறது, தின்ன ஆளில்லை. யூலானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்துக் குடோன் அலாவுதீன் பாய்தான் எட்டிப் பார்த்தார். உங்கள் ஆள் போனால் என்ன, எங்கள் ஆள் ஊர் கொள்ளாமல் இருக்கிறான், அவன் நாக்குக்குத் தக்கபடி செய் என்றார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. ஓர் அரபி வீட்டில் வேலை போய், விசா முடிகிற தறுவாயில் நின்ற நாகவள்ளியையும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். நாகவள்ளிக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். வந்த அன்றைக்கே பாவைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்து, "என்ன மேடம் இது, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி" என்று முகத்தைச் சுளித்தாள். மறுநாள் மிளகும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டுக் கோழியை வதக்கி உள்ளே வைத்தாள். அன்றைக்குப் பற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

பல வருஷமாக ஒரே அடுப்பில் நின்றதில், நாகவள்ளியின் தமிழ் யூலானுக்கு முக்கால்வாசி புரியும். பதில் சொல்லும்போது மட்டும் இந்தி, அரபி, தமிழ் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டிக் கொடுப்பாள். நாகவள்ளி அதையும் புரிந்துகொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை வந்தால் மட்டும் அவளவள் சொந்த பாஷையில்தான் திட்டிக்கொள்வார்கள், அதுவும் அந்தந்த நேரத்தோடு சரி.

யூலான் நன்றி மறக்கிற ஜாதி அல்ல. தினமும் முதல் தட்டு இறங்கியதும் அதில் ஒரு பங்கு அலாவுதீன் பாய் கடைக்குப் போய்விடும். கேம்ப்பிலிருந்து வருகிற அருள்முருகன் வகையறா வாசலில் நின்றால், வாங்கியதற்கு மேல் ஒன்று பையில் விழும். வேண்டாம் என்று சொன்னால் முறைப்பாள். கொரோனாவில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, பாதிச் சம்பளத்தில் நின்ற அந்த மனிதர்கள்தானே விடாமல் அவளிடம் வாங்கித் தின்றார்கள். இந்த மணலில் தன் குடும்பம் வேர் பிடித்ததென்றால் அது இவர்கள் ஊற்றிய தண்ணீர் என்று குவாங்கிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள். குவாங் தலையை ஆட்டுவான். அவன் வாயில் வார்த்தை விழுவது அபூர்வம்.

எல்லாம் இருந்தது. பெற்ற மகள் மட்டும் பக்கத்தில் இல்லை.

யாயா பிறந்தது இங்கேதான். பால்குடி மறக்கும் முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் ஃபூச்சிங் பக்கத்தில் அது ஊர் வழக்கம். வெளிநாட்டில் கடை வைத்திருக்கிறவர்கள், ஊருக்குப் போகிற தெரிந்தவர் யாரிடமாவது கைக்குழந்தையைக் கொடுத்து விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கே சொந்தத்தில் யாராவது வாங்கி வளர்ப்பார்கள். பள்ளிக்கூட வயது வந்ததும் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். யூலானின் அண்ணன் பிள்ளைகள் இத்தாலியிலிருந்து அப்படித்தான் போய் வந்தார்கள். யாயாவைக் குவாங்கின் அக்கா வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றுதான் இருந்தார்கள். கொரோனா வந்தது, சீனா தன் வாசலைச் சாத்தியது. சாத்திய வாசல் திறப்பதற்குள் பிள்ளை ஓடி ஆடிப் பேசுகிற வயதுக்கு வந்துவிட்டது. பெற்றவள் தன் மகளைப் போனில்தான் வளர்த்தாள்.

பிள்ளையைப் பிரிந்து அப்படி என்ன பெரிய வியாபாரம் என்று கேட்க வாயெடுப்பவர்கள், ஒரு சாயங்காலம் அல் கூஸ் கேம்ப் வாசலில் வந்து நின்று பார்க்கட்டும். போனைப் பார்த்துக் கொஞ்சாத தகப்பன் அங்கே எவன்?

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் யூலான் போன் போடுவாள். ஊருக்கு நல்லதை மட்டும்தான் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அடுப்புச் சூட்டில் வெந்த முகத்தைக் காட்டி அங்கே இருக்கிறவர்களை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்? அதனால் தொப்பியையும் ஏப்ரனையும் கழற்றிவிட்டு, சிவப்புச் சட்டையை மாட்டி, உதட்டுச் சாயம் பூசி, மாவு மூட்டை கண்ணில் படாதபடி சுவரோரமாக நின்றுகொள்வாள். அதோடு விட்டாளா? போனில் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறதே. கறுத்த முகத்தை வெண்ணெயாக்கும், கண்ணைப் பெரிதாக்கும், கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டும், தலையில் இரண்டு முயல் காதை வேறு முளைக்க வைக்கும். அந்தக் காதைப் பார்த்துத்தான் யாயா முதன்முதலில் கைகொட்டிச் சிரித்தாள். சிரிக்கட்டுமே என்று யூலான் ஒரு நாள் தவறாமல் காதோடுதான் வந்தாள். "இதென்ன மேடம் கூத்து" என்று நாகவள்ளியும் மாவு பிசைந்தபடியே சிரிப்பாள். பிள்ளை அம்மா என்று முதலில் கூப்பிட்டதும் அந்தக் காது வைத்த முகத்தைப் பார்த்துத்தான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சீனா வாசலைத் திறந்த வருஷம் கோடையில் குவாங் போய் மகளை அழைத்து வந்தான். கூடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் போக முடியாது. ஏர்போர்ட்டில் யூலான் ஆசையாகக் கையை நீட்டினாள். காலையிலிருந்து அடுப்பில் நின்றுவிட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தது. இதுதான் அம்மா என்று குவாங் சொன்னான். பெரியவர்கள் விளையாட்டுக்குச் சொல்வதைக் கேட்டுக்கொள்வது போல மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, அவன் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

வெட்கம், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள் நாகவள்ளி. சரியாகவில்லை. யாயா யூலானை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள். அவர்கள் பாஷையில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, தெருவில் போகிற எந்தப் பெண்ணையும் கூப்பிடலாம். அடம் இல்லை, முரண்டு இல்லை. தட்டை முன்னால் வைத்தால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அப்புறம் சாப்பிடறேன் ஆன்ட்டி" என்பாள். யூலான் செய்யாத பண்டம் இல்லை. ஊர்ப் பக்குவத்தில் மீன் உருண்டை சூப், முட்டை போட்ட நூடுல்ஸ், சர்க்கரை வைத்த பாவ். எல்லாம் ஆறிப் போகும். கொஞ்சம் பால், யாரும் பார்க்காதபோது ஒரு பிஸ்கட், அவ்வளவுதான். அழுதாலாவது தேவலை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இது அழவே இல்லை.

கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை, ஊர் ஏக்கம் என்றுவிட்டார். குவாங்கின் அக்கா போனில் பிள்ளையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வளர்க்கத் தெரியாது, திருப்பி அனுப்பு என்று ஒரு பாட்டம் அழுதாள். அன்றைக்குச் சாயங்காலமே குவாங் டிக்கெட் போட்டுவிட்டான். கொண்டுபோய் விடுகிறேன், உயிரோடு இருந்தால் போதும், இன்னும் கொஞ்சம் பெரியவளாகி வரட்டும் என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி யூலான் கேட்டதே இல்லை.  வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது, பெற்ற பிள்ளை வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்கிறது. யாரைக் குறை சொல்ல?

விமானம் மறுநாள் காலை என்று இருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாகவள்ளியிடம் போய் அவள் விஷயத்தைச் சொன்னாள். நாகவள்ளி உரிப்பதை நிறுத்தினாள்.

"அனுப்பாதீக மேடம். இந்தத் தடவ போனா போனதுதான். எம்மவனப் பாருங்க. மூணு வயசுல எந் தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்தேன். இப்ப காலேஜ் போறான். அவளத்தான் அம்மாங்கிறான், என்னைய துபாய் அம்மாங்கிறான். தப்புச் சொல்ல முடியுமா? சோறு போட்டவ அவதான."

யூலான் கல்மேல் மாவைப் போட்டு அடித்தாள். அடித்த அடியில் மாவு மேஜையெல்லாம் பறந்தது. மகளுக்குச் சோறு போடத் தயாராகத்தானே நிற்கிறாள், தின்ன மாட்டேன் என்கிறதே என்பது அவள் ஆங்காரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மதியக் கூட்டம் ஓய்ந்தது. கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த யாயா மெதுவாக எழுந்து வந்தாள். மேஜையில் கிடந்த குவாங்கின் போனை எடுத்தாள். அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, போனை மடியில் நிமிர்த்தி வைத்து, உள்ளங்கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாடவில்லை, படம் பார்க்கவில்லை. வெறும் கறுப்புத் திரை. நாகவள்ளி அதையே பார்த்தாள். நேற்றும் பார்த்திருக்கிறாள், முந்தாநாளும் பார்த்திருக்கிறாள், புத்தியில் தட்டியது இப்போதுதான்.

"மேடம், நீங்க முன்னாடி இந்நேரந்தான பிள்ளைக்குப் போன் போடுவீக?"

ஆமாம் என்றாள் யூலான். இப்போது எதற்குப் போட வேண்டும், பிள்ளைதான் வந்துவிட்டதே.

"இப்பப் போடுங்க. எப்பவும் போல போடுங்க. அந்தக் காத வச்சுக்கிட்டு."

இவளுக்கென்ன பைத்தியமா என்று யூலானுக்கு எரிச்சல் வந்தது. "நாகா, பாகலா நீ? யாயா இங்க. இதோ இருக்கு."

"அவ இங்கதான் இருக்கா மேடம்" என்றாள் நாகவள்ளி. "அவுக அம்மா எங்க இருக்கா?"

யூலான் கையில் மாவோடு அப்படியே நின்றாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல், தன் போனை எடுத்துக்கொண்டு மாவு வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தொப்பியைக் கழற்றினாள். சிவப்புச் சட்டை இல்லை, உதட்டுச் சாயம் இல்லை. ஃபில்டரைப் போட்டதும் நட்சத்திரமும் முயல் காதும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. பிள்ளை மடியில் இருந்த குவாங்கின் போனுக்குக் கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே பிள்ளை எடுத்துவிட்டது. "அம்மா!" என்று அது போட்ட சத்தம் போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. வந்த நாள் முதல் யூலான் பார்க்க ஏங்கிய அந்த முகம் கடைசியில் போனில்தான் மலர்ந்தது.

"அம்மா, நான் துபாய்க்கு வந்துட்டேன். நீ எங்கே இருக்கே? எவ்வளவு நாளா போனே பண்ணலை. இங்கே ஒரு ஆன்ட்டி இருக்காங்க. நல்ல ஆன்ட்டி. தினமும் எனக்குச் சாப்பாடு செய்றாங்க. ஆனா நான் சாப்பிடலை. துபாய் வந்தா முதல்ல நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்னு நீ சொன்னேல்ல? நான் காத்துக்கிட்டே இருக்கேன் அம்மா."

சொன்னாள்தான். ஒவ்வொரு நாளும் போனை வைக்கும்போது கொஞ்சலாகச் சொல்கிற வார்த்தை அது. சொன்னவளுக்கு மறந்துபோயிற்று, கேட்ட பிள்ளை நெஞ்சில் வைத்துக்கொண்டது.  பிள்ளை தன்னை வேண்டாம் என்று ஒதுக்குகிறது என்றல்லவா யூலான் இத்தனை நாளும் நினைத்தாள்? பாவி, தனக்காகவே அது வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. மாவு மூட்டைமேல் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதால் காதும் நட்சத்திரமும் சேர்ந்து அழும், பிள்ளை பயந்துவிடும்.

"பசிக்குதா கண்ணு?" என்று ஒருவாறு கேட்டாள்.

"ரொம்ப."

யூலான் மூச்சை இழுத்துவிட்டாள். ஃபில்டரை எடுத்தாள். நட்சத்திரம் போயிற்று, காது போயிற்று, கண் சின்னதாயிற்று. வெந்து கறுத்த முகமும், நெற்றியில் ஒட்டிய மாவும், கன்னத்தில் பழைய ஆவிச் சூடு பட்ட தழும்பும் அப்படி அப்படியே வந்து நின்றன. ஊரில் யாருக்கும் அவள் காட்டாத முகம்.

யாயா திரைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்தாள். "காது எங்கேம்மா?"

"அது விளையாட்டுக் காது. உனக்குச் சிரிப்பு வரட்டும்னு அம்மா வெச்சுக்கிட்டேன். என் சொந்த முகம் இதுதான்."

பிள்ளை போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தது. "நீ அந்த ஆன்ட்டி மாதிரி இருக்கே" என்றது கடைசியில்.

"அந்த ஆன்ட்டிதான் நான். வரேன் பார். போனை வைக்காதே, பாத்துக்கிட்டே இரு."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி அடி எடுத்து வைத்தாள். பிள்ளையின் திரையில் அவள் முகத்துக்குப் பின்னால் மூங்கில் தட்டுகள் நகர்ந்தன, நாகவள்ளி நகர்ந்தாள், ஆவி நகர்ந்தது. கிட்டே வர வர இரண்டு போனும் ஒன்றன் குரலை ஒன்று கேட்டுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தன. பின்வாசலில் வந்து நின்ற குவாங், என்ன சத்தம் என்று கேட்க வந்தவன், கேட்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

யூலான் மூட்டைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். யாயா திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மறுபடியும் திரை, மறுபடியும் முகம். ஒரு விரலை நீட்டி அம்மாவின் கன்னத்துத் தழும்பைத் தொட்டாள். பிறகு திரையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே வழுவழுவென்று கண்ணாடிதான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டு, போனில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்தாள்.

திரை அணைந்தது. எதிரில் இருந்த முகம் போகவில்லை.

"அம்மா, பசிக்குது" என்றாள் அந்த முகத்தைப் பார்த்து.

சீன பாஷையில் நாகவள்ளிக்குத் தெரிந்தது சமையல்கூடத்துச் சொற்கள்தான், அதில் பசி முதல் சொல். அவள் யாரும் சொல்லாமலே இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அம்மாவும் மகளும் மாவு மேஜையிலேயே உட்கார்ந்தார்கள். பிள்ளை ஒரு வாய் வாங்கும், அம்மா ஒரு வாய் எடுக்கிறாளா என்று பார்க்கும், அவள் மென்ற பிறகுதான் அடுத்த வாய். காரப் பாவ்தான் கைக்குக் கிடைத்தது. மூக்கில் நீர் வடிய வடியச் சாப்பிட்டது. குவாங் தன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்று, டிக்கெட் போட்டுக் கொடுத்த ஆளைப் போனில் பிடித்து, வேண்டாம், கேன்சல் என்று கத்திக்கொண்டிருந்தான்.

யூலானுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இந்த ஊர் அவளுக்கு அடுப்பு கொடுத்தது, வாடிக்கை கொடுத்தது, வாசலில் மாட்ட ஒரு பேர் கொடுத்தது. அதற்கெல்லாம் நன்றி சொல்லத் தெரிந்தது. இதற்கு எதைச் சொல்வது? வீட்டு மனிதர்களிடம் நன்றி என்று சொன்னால் அவர்களை அசலாராக்குவது போல என்று நினைக்கிறவர்கள் அவர்கள், நம்மைப் போலவே. அதனால் அவள் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

"நாகா, நீ லீவு போடு" என்றாள். "இந்த வாரம். டிக்கெட் நான்."

ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லீவு என்ன லீவு என்றாள் நாகவள்ளி. மகன் இப்போது தன்னைவிட உசரம், மீசை வேறு வைத்துவிட்டான், போய் நின்றால் அவனுக்குத்தான் கூச்சம் என்று மளமளவென்று அடுக்கினாள்.

"மீசை இருந்தா பசிக்காதா?" என்றாள் யூலான். "ஆர்டர் நான் பாக்குது. நீ போ. மகன்கூட உக்காந்து சாப்பிடு. அவன் எத்தனை வருஷம் வெயிட்டிங், யாருக்கு மாலூம்?"

 நாகவள்ளி அடுப்பைச் சிறியதாக்கினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மகனுக்குப் போன் போட வெளியே போனாள்.